‘சும்மாதான் இருந்தேன், மேடம்’

ஜூன் 9, 2025. இராஜபாளையம்

இன்று விளையாட்டின் முதல் காட்சியை எழுதினேன். ஒரு மேசை, ஒரு மின்விசிறி, எதிரே ஒரு நாற்காலி. வேலைக்கு வரும் பிள்ளைகள் நேர்காணலைப் பழகிப் பார்க்க ஒரு செல்போன் விளையாட்டு. நாங்கள் மூன்று பேர்: படம் போட ஒருவர், நிரல் எழுத ஒருவர், கதையும் கேள்வியும் எழுத நான்.

ஒரு நூற்பாலையின் டைம் ஆபீசில் ஆறு வருஷம் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தவள் நான். சத்திரப்பட்டியிலிருந்து வந்த ஒரு பெண்ணை மறக்க முடியவில்லை. “பிளஸ் டூ முடிச்சு ஒரு வருஷமா என்ன பண்ணீங்க?” என்று கேட்டேன். “சும்மாதான் இருந்தேன், மேடம்” என்றாள். ‘அனுபவம்’ என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதி அனுப்பிவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, அந்த ஒரு வருஷமும் பேண்டேஜ் துணி ஓடும் இரண்டு தறியை அம்மாவோடு பார்த்துக்கொண்டவள் அவள். தறிச் சத்தம் பிசகினால் அடுப்படியிலிருந்தே தெரிந்துகொண்டு ஓடிவந்து இழையை முடிபவள். ரிங் ஃப்ரேமில் அறுந்த நூலைச் சேர்க்க அவளுக்கு ஒரு வாரம் பழக்கினால் போதும். அந்தக் கட்டத்துக்காகத்தான் இந்த விளையாட்டு.

ஜூன் 14

முதல் காட்சியைப் போனில் ஏற்றிப் பார்த்தோம். திரையின் உச்சியில் ‘வேலை’ என்று வர வேண்டும். ‘வே’யின் கொம்பு வகரத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் நின்றது. ‘லை’யின் கொம்பும் அப்படியே. வேலை என்ற சொல்லே உடைந்து கிடந்தது.

காரணம் எளிது. யூனிகோடில் மெய் முதலிலும் உயிர்க்குறி அடுத்தும் பதிவாகின்றன. காட்டும்போது கொம்பை இடப்பக்கம் எடுத்து வைக்க வேண்டியது எழுத்துரு அடுக்கும் நிரலின் பொறுப்பு. பல விளையாட்டு இயந்திரங்களில் அந்த அடுக்கும் பகுதியே இல்லை. நாங்கள் எடுத்திருந்த ‘கோடோ’ இயந்திரத்தின் பழைய பதிப்பிலும் இல்லை. 2023 மார்ச்சில் வந்த கோடோ 4இல் சேர்த்துவிட்டார்கள். இரவோடு இரவாக அதற்கு மாறினோம். பன்னிரண்டு மணிக்குத் திரையில் ‘வேலை’ ஒழுங்காக வந்தபோது மூன்று பேரும் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஆங்கிலத்தில் செய்தால் இந்தத் தொல்லை இல்லை என்று குழுவில் ஒருவர் சொன்னார். நான் ஒப்பவில்லை. தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் தேடுகிற அந்த ஐந்து நொடியில்தான் பிள்ளைகள் வாயடைத்துப் போகிறார்கள். முதலில் தமிழில் பேசிப் பழகட்டும்.

ஜூன் 22

மற்ற நாடுகளில் என்ன செய்திருக்கிறார்கள் என்று படித்தேன். ஐரோப்பிய ஒன்றியத்தின் பணத்தில் 2011 முதல் 2014 வரை ‘டார்டிஸ்’ என்றொரு திட்டம் நடந்திருக்கிறது. படிப்பிலும் வேலையிலும் இல்லாத இளைஞர்களுக்கான நேர்காணல் விளையாட்டு. கேள்வி கேட்கும் உருவத்தை இரண்டு விதமாகச் செய்திருந்தார்கள்: ஒன்று பரிவோடு கேட்கும், இன்னொன்று நெருக்கிக் கேட்கும். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் எம்.ஐ.டி.யில் எசான் ஹோக் குழுவினர் 2013இல் வெளியிட்ட ‘மாக்’ மடிக்கணினி கேமரா வழியாகப் புன்னகையையும் தலையாட்டலையும் பேச்சின் ஏற்ற இறக்கத்தையும் கணக்கிட்டது. 90 மாணவர்களை வைத்துச் சோதித்தார்கள். தங்கள் வீடியோவை மட்டும் பார்த்தவர்களைவிட, எங்கே தடுமாறினோம் என்ற குறிப்பும் சேர்ந்து கிடைத்தவர்களே தேறினார்கள். வெறுமனே பார்த்தால் போதாது, எதைப் பார்ப்பது என்று ஒருவர் சொல்ல வேண்டும்.

கேமரா மட்டும் நமக்கு வேண்டாம் என்று முடிவு செய்தோம். பெரியவர்கள் பேசும்போது கண்ணுக்குக் கண் பார்க்காதே என்று சொல்லி வளர்த்த பிள்ளைகள் இவர்கள். தலை தாழ்த்துவது இவர்களுக்கு மரியாதை. அதற்கு மார்க்கைக் குறைக்கிற விளையாட்டை நான் எழுத மாட்டேன்.

ஜூலை 3. ஸ்ரீவில்லிபுத்தூர்

ஒரு பால்கோவா பட்டறையில் காலை முழுதும் இருந்தேன். 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய பண்டம். பாலும் சர்க்கரையும் தவிர வேறொன்றும் இல்லை, மீதியெல்லாம் கைப்பக்குவம். பாலிடெக்னிக் முடித்த பையன் ஒருவன் விடுமுறை தோறும் அங்கே கிண்டுகிறான். “உங்களைப் பத்திச் சொல்லுங்க தம்பி” என்றேன். ஊர், பேர், அப்பா பேர். அதோடு நின்றுவிட்டான்.

“இறக்குற பதம் எப்படித் தெரியும்?” என்று கேட்டேன். பத்து நிமிஷம் நிறுத்தவில்லை. “மொதல்ல தண்ணிச் சத்தமா இருக்கும்க்கா. சுண்டச் சுண்ட அது போயி சொத்து சொத்துனு கேக்கும். அப்ப தீயைத் தணிச்சிரணும். கரண்டி ஒரு நிமிஷம் நின்னாலும் அடிப்பிடிச்சிரும், அம்புட்டுப் பாலும் வீண்.” கவனம், பொறுப்பு, நஷ்டக் கணக்கு எல்லாம் அந்தப் பேச்சில் இருந்தன. சத்திரப்பட்டிப் பெண்ணுக்குத் தறி, இவனுக்கு வாணலி. இரண்டு பேரும் காதால் வேலை பார்க்கிறவர்கள். அந்தக் காதைப் பற்றி எந்த விண்ணப்பத்திலும் கட்டம் இல்லை.

திரும்பும் பஸ்ஸில் விளையாட்டின் அமைப்பையே மாற்றினேன். முதல் கட்டம் நேர்காணல் அறை அல்ல, சொந்த வீடு. விடியற்காலை முதல் இரவு வரை செய்ததை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் மூன்று கேள்வி: என்ன செய்தாய், ஏன் அப்படிச் செய்தாய், அதனால் என்ன ஆயிற்று? அந்தப் பதில்களைக் கையில் வைத்துக்கொண்டுதான் அறைக் கதவைத் தட்ட முடியும்.

ஜூலை 11. இராஜபாளையம்

மில் காட்சிக்கான கேள்விகள். “40ஆம் நம்பர் நூல்னா என்ன?” ஒரு பவுண்டு எடையில் 840 கெஜச் சிட்டம் நாற்பது. நம்பர் கூடக் கூட நூல் மெலியும். “அரை நைட், முழு நைட் ஷிஃப்ட் வருவீங்களா?” இதற்கு மூன்று பதில் வைத்தேன்.

பிறகு வேலைக்கு வருபவர் கேட்க வேண்டிய எதிர்த்திசைக் கேள்விகளை எழுதினேன். சம்பளம் எவ்வளவு, எப்போது? பி.எஃப். பிடித்தம் உண்டா? 21,000 ரூபாய்க்குள் சம்பளம் என்றால் இ.எஸ்.ஐ. அட்டை எப்போது கிடைக்கும்? வாரத்துக்கு 48 மணி நேரத்துக்கு மேல் போனால் சட்டப்படி இரட்டைச் சம்பளம் தருவீர்களா? மூன்று வருஷம் முடிந்தால் மொத்தமாகத் தொகை என்று சொல்லி, சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் எத்தனையோ பெண்பிள்ளைகளைத் தமிழ்நாட்டு நூற்பாலைகளுக்கு அழைத்துப் போனார்கள். கேட்கத் தெரியாததால் ஏமாந்தவர்கள் பலர். அதனால் எங்கள் விளையாட்டில் பதில் சொன்னால் ஒரு புள்ளி, கேள்வி கேட்டால் இரண்டு புள்ளி.

ஜூலை 19

“எந்தத் தெருனு கேப்பாங்களேக்கா, அதுக்கு என்ன சொல்றது?” எழுதிய கேள்விகளைப் படித்துக் காட்டியபோது ஒரு மாணவி கேட்டாள். அறையில் யாரும் பேசவில்லை. தெருவைக் கேட்பது எதைத் தெரிந்துகொள்ள என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். அந்தக் கேள்வியை வைப்பதா விடுவதா என்று மாலை வரை வாதம். வைத்தோம். “வேலைக்கு வந்துபோகிற தூரம்தான் சார், பஸ் வசதி இருக்கு” என்று சொல்லி நகரலாம். நகர்ந்ததும் திரையில் ஒரு வரி வரும்: இந்தக் கேள்வி வேலைக்குத் தேவையில்லாதது, தவறு உன்னுடையது அல்ல.

மத்திய அரசு தன் கீழ்நிலைப் பணிகளுக்கு 2016 ஜனவரி 1 முதல் நேர்முகத் தேர்வையே எடுத்துவிட்டது. சிபாரிசும் பாரபட்சமும் நுழைகிற வாசல் அது என்பதுதான் காரணம். தனியார் வேலைகளில் அந்த வாசல் திறந்தே இருக்கிறது. அதன் வழியாகத்தான் இந்தப் பிள்ளைகள் போயாக வேண்டும்.

ஜூலை 28. ஸ்ரீவில்லிபுத்தூர். ஆடிப்பூரம்

தேர் பார்க்கப் போனேன். வடம் பிடிக்க எள் விழ இடமில்லாத கூட்டம். கூட்டம் கலைந்தபின் கோயிலுக்குள் கண்ணாடிக் கிணற்றருகே நின்றேன். பெருமாளுக்கு வைத்த மாலையை ஆண்டாள் தான் சூடி அழகு பார்த்தது இந்தக் கிணற்றில்தான் என்பார்கள். அவள் முதலில் தன்னைப் பார்த்தாள், பிறகுதான் கொடுத்தாள்.

குரலைப் பதிவு செய்து திரும்பக் கேட்கும் பொத்தானுக்குப் பெயர் தேடிக்கொண்டிருந்தோம். ‘கிணறு’ என்று வைத்துவிட்டேன். மார்க் கிடையாது, பதிவு போனை விட்டு வெளியே போகாது. எம்.ஐ.டி. சோதனை சொன்ன பாடத்தை மறக்காமல், கேட்கும்போது ‘என்ன, ஏன், என்ன ஆயிற்று’ என்ற அந்த மூன்று கேள்விகளும் கீழே நிற்கும்படி செய்தோம்.

ஆகஸ்ட் 10. இராஜபாளையம்

முதல் சோதனை. தளவாய்புரத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். என்ன வேலை தெரியும் என்றதற்கு, “வீட்ல சும்மா நைட்டி தைப்பேன்க்கா” என்றாள். போனைக் கையில் கொடுத்தோம். மூன்று முறை அறைக்குள் போய் மூன்று முறையும் பாதியில் வெளியே வந்தாள். நாலாவது முறை கிணற்றுப் பொத்தானை அமுக்கிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு பேசினாள். “கழுத்து அம்மா வைப்பாங்க, கை நான் வைப்பேன். தையல் சுருங்குனா நூல் டென்ஷனைக் குறைச்சிருவேன். பிரிச்சுத் தைக்கிறதுக்குத் துணி வந்ததே இல்ல.”

திரும்பக் கேட்டாள். இரண்டாம் முறையும் கேட்டாள். “நானா இப்படிப் பேசுறேன்?” என்றாள். ‘சும்மா’ அதில் இல்லை.

போகும்போது கேட்டாள்: “அக்கா, கேள்வி கேக்குறவங்களுக்கும் இது மாதிரி ஒண்ணு இருக்கா?”

இல்லை. அந்தச் சத்திரப்பட்டிப் பெண்ணுக்குப் பதில் தெரியாமல் இல்லை. பதில் வருகிற மாதிரி கேட்க எனக்குத்தான் தெரியவில்லை. நாளை இரண்டாம் பாகம் தொடங்குகிறோம். அதில் ஆடுகிறவர் மேசைக்கு இந்தப் பக்கம் உட்காருவார். எதிரே ஒரு பெண் வந்து ‘சும்மாதான் இருந்தேன்’ என்பாள். ‘அனுபவம்’ என்ற கட்டம் காலியாகத் திறந்திருக்கும். அதை நிரப்பும் முன் அவளிடம் இன்னும் ஒரு கேள்வியாவது கேட்க வேண்டும். கேட்காமல் பேனா எழுதாது.