அருவங்காட்டு வெடிமருந்துச் சாலை

நீலகிரிக்குப் பிரயாணம் போகிறவர்கள் குன்னூரின் தேயிலைத் தோட்டங்களையும் உதகமண்டலத்து ஏரியையும் கண்டு களித்துத் திரும்புகிறார்கள். அவ்விரு ஊர்களுக்கும் இடையே மலை ரயில் நின்று செல்லும் அருவங்காட்டைப் பற்றிப் பேசுவோர் அரியர். ஆயினும், நம் அடிமை நாட்களின் சரித்திரத்தில் ஓர் அத்தியாயம் அங்கேதான் இருக்கிறது.

1904-ஆம் ஆண்டு முதல் அங்கே வெடிமருந்துச் சாலை நடைபெற்று வருகிறது. பீரங்கி வார்ப்பது அதன் வேலையன்று. பீரங்கிக்கும் துப்பாக்கிக்கும் வலிமை தரும் மருந்தைத் தயாரிப்பதே அதன் வேலை. 1889-இல் இங்கிலாந்தில் ஏபெல், டூவார் என்னும் ரஸாயன நிபுணர் இருவர் ‘கார்டைட்’ என்ற புது மருந்தைக் கண்டுபிடித்தார்கள். நைட்ரோகிளிஸரின், வெடிபஞ்சு, சிறிது வாஸலின் ஆகியவற்றை அஸிடோன் விட்டுப் பிசைந்து, நம் வீட்டு இடியாப்பத்தைப் போல அச்சில் பிழிந்தால் அது கயிறு கயிறாக வரும். கயிறு என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லே பெயராயிற்று. பழைய கரிமருந்தைப் போல் இது புகை கக்குவதில்லை. ஆகவே, சுட்டவன் மறைந்திருக்கும் இடம் எளிதில் வெளிப்படாது.

இத்தகைய சரக்குக்கு வெப்பம் பெரும் பகை. 6,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் வீசும் குளிர்காற்று அதற்கு இசைந்தது. மலை ரயில் 1899-லேயே குன்னூர் வரை வந்துவிட்டது. 1908-இல் அருவங்காட்டைக் கடந்து உதகையை எட்டியது. ஆலைக்காகக் காட்டேரி நீர்வீழ்ச்சியிலிருந்து மின்சாரமும் எடுத்தார்கள். பைகாரா மின்நிலையம் 1932-இல் வருவதற்கு வெகு காலம் முன்னரே நடந்த காரியம் இது.

மலை நம்முடையது, நீர் நம்முடையது, உழைத்த கைகளும் நம்முடையவை. மருந்து மட்டும் அந்நியனுடையதாக இருந்தது! 1919-இல் ஜாலியன்வாலா பாக்கில் நிராயுதபாணிகளான மக்கள்மீது 1,650 குண்டுகள் பாய்ந்தன. அந்த .303 துப்பாக்கிகளுக்குரிய மருந்தும் கார்டைட்டே. எங்கே தயாரான மருந்தாயினும், அதைக் கொளுத்த உத்தரவிட்டவன் யார் என்பதே கேள்வி.

1947-இல் அந்த உத்தரவிடும் உரிமை நம் கைக்கு வந்தது. ஆலையும் சுதந்திர நாட்டின் படைக்கலச் சாலைகளுள் ஒன்றாயிற்று. 2021 அக்டோபர் முதல் மத்திய சர்க்காருக்குச் சொந்தமான ‘மியூனிஷன்ஸ் இந்தியா’ கம்பெனியின்கீழ் அது இயங்குகிறது.

போர்க்களத்தில் நிற்பவனை வீரன் என்று போற்றுகிறோம். ஒரு தீப்பொறிக்கும் இடம் கொடாமல், ஒவ்வொரு நாளும் வெடிமருந்தின் அருகே நின்று வேலை செய்யும் தொழிலாளியையும் நாம் மறத்தல் தகாது. விபத்துகளில் உயிர் நீத்தவர்களும் அவர்களுள் உண்டு. அடுத்த முறை மலை ரயில் அருவங்காட்டில் நிற்கும்போது, நேயர்கள் அவர்களையும் ஒரு கணம் நினைப்பார்களாக!