ஐகன் எங்கேயும் போகவில்லை

கம்பியூட்டர் திருத்துகிறவர்களில் பலர் ஐகன் கோளாறை ஒரு கோளாறாகவே எடுப்பதில்லை. திரை எரிகிறது, மவுஸ் ஓடுகிறது, இணையம் வருகிறது, படம் மாறிக் கிடந்தால் என்ன என்பார்கள். எனக்கு அந்தப் பேச்சு பிடிக்காது. வட்டகொடையைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் நான் லினக்ஸ் போட்டுக் கொடுக்கும் வீடுகளில், முதன்முதலாகக் கம்பியூட்டரைத் தொடுகிறவர்கள் எழுத்தை வாசித்து அழுத்துவதில்லை, படத்தைப் பார்த்துத்தான் அழுத்துகிறார்கள். பயர்பாக்ஸ் நரி இருக்க வேண்டிய இடத்தில் வெறும் சதுரம் நின்றால் அவர்களுக்கு இணையமே போய்விட்டது. "அண்ணே, நெட் இல்ல" என்று போன் வரும். நெட் இருக்கும். நரிதான் இருக்காது.

இந்த வேலை எனக்குக் கூடியதற்குக் காரணம் விண்டோஸ் 10. அதற்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 ஒக்டோபர் 14 உடன் நிறுத்தியது. கொழும்பில் வேலை செய்யும் பிள்ளைகள் வீட்டுக்கு வாங்கி அனுப்பிய பழைய மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு அவற்றில் நோகாமல் ஓடும். இலங்கைக்கு லினக்ஸ் புதிதுமல்ல. கண்டிக்கு மேலே நிற்கும் ஹந்தானை மலையின் பெயரைச் சூட்டி, ஃபெடோராவை அடித்தளமாக வைத்து, ஹந்தானை லினக்ஸ் 2009 இலேயே வந்துவிட்டது. எங்கள் பக்கம் அதைக் கேள்விப்பட்ட ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

லினக்ஸ் போட்ட கையோடு இளசுகள் கேட்பது, ஐகன்களின் தோற்றத்தை மொத்தமாக மாற்றும் தீம். யாரோ ஒரு கூட்டாளியிடமிருந்து பென் டிரைவில் வாங்கி வந்து போடுவார்கள். அடுத்த நாள் பாதி ஐகன் மாறியிருக்கும், பாதி பழையபடி நிற்கும், இரண்டொன்று மறைந்திருக்கும். "தீம் சரியில்ல" என்பது அவர்கள் தீர்ப்பு. தீம் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும்.

லினக்ஸில் ஒரு நிரல் படத்தைக் கேட்பதில்லை, ஒரு பெயரைக் கேட்கிறது. குப்பைத்தொட்டிக்கு 'யூசர் ட்ராஷ்', வீட்டுக் கோப்புறைக்கு 'யூசர் ஹோம்' என்று பெயர்கள் ஏற்கெனவே பேசி வைக்கப்பட்டவை. ஃப்ரீடெஸ்க்டாப் அமைப்பின் வரையறைகள் அந்தப் பெயர்களையும், அவற்றை எந்த வரிசையில் எங்கே தேட வேண்டும் என்பதையும் சொல்கின்றன. முதலில் நாம் தேர்ந்த தீம். அங்கே இல்லையென்றால் அந்தத் தீம் தன் தாய்த் தீம் என்று எழுதி வைத்திருப்பது. அதற்கும் பிறகு, எல்லாருக்கும் பொதுவான 'ஹைகலர்'. எங்கேயுமே இல்லாவிட்டால்தான் அந்த வெற்றுச் சதுரம். ஆகவே ஐகன் காணவில்லை என்று யாராவது சொன்னால் நான் படத்தைத் தேடப் போவதில்லை. எந்தப் பெயர் கேட்கப்பட்டது, தேடல் எந்தப் படியில் நின்றது என்பதைத்தான் பார்ப்பேன்.

தீம் பட்டியலிலேயே வரவில்லை என்றால் விஷயம் சின்னது. 'இண்டெக்ஸ் டாட் தீம்' என்ற கோப்பு தீமின் வாசலிலேயே இருக்க வேண்டும். பொதியை விரித்தபோது கோப்புறைக்குள் கோப்புறையாகப் போய், அது ஒரு படி உள்ளே மாட்டிக்கொண்டிருக்கும். வெளியே எடுத்து வைத்தால் முடிந்தது.

அந்தக் கோப்புக்குள் 'டைரக்டரீஸ்' என்று ஒரு வரி உண்டு. எந்தெந்த உட்கோப்புறைகளில் ஐகன்கள் உள்ளன என்ற பட்டியல் அது. இது எங்கள் ஊர்த் தோட்டங்களில் நாட்பேர் பதியும் செக்ரோல் மாதிரி. பேர் விழாவிட்டால் எத்தனை கிலோ கொழுந்து எடுத்தாலும் அந்த நாள் உங்கள் கணக்கில் இல்லை. நீங்கள் நூறு ஐகன் வரைந்து ஒரு புதுக் கோப்புறையில் அடுக்கியிருக்கலாம். அந்தக் கோப்புறையின் பெயர் இந்த வரியில் இல்லையென்றால் அந்த நூறும் இல்லைதான்.

எங்கள் பக்கத்தில் அதிகம் பார்க்கும் நோய் பென் டிரைவில் இருந்து வருவது. பாப்பிரஸ் போன்ற பெரிய தீம்களில் ஆயிரக்கணக்கான ஐகன்கள் உண்மையில் படங்களே அல்ல, 'அந்தப் பெயரைக் கேட்டால் இந்தப் படத்தைக் கொடு' என்று கைகாட்டும் இணைப்புகள். பென் டிரைவ்களில் வழக்கமாக இருக்கும் ஃபேட் முறைக்கு இந்த இணைப்புகளைத் தாங்கத் தெரியாது. விரித்த தீமை அதில் ஏற்றும்போது படங்கள் போகும், கைகாட்டிகள் விழுந்துவிடும். பிழைச்செய்தி வந்தாலும் 'எல்லாவற்றையும் தவிர்' என்று அழுத்திவிட்டுப் போகிற ஆட்கள்தானே நாம். விண்டோஸில் ஜிப்பை விரித்து எடுத்து வந்தால் இன்னும் வேடிக்கை. கைகாட்டி இருந்த இடத்தில் சில பைட்டுகளில் ஒரு கோப்பு இருக்கும், பெயர் எஸ்விஜி என்று முடியும், திறந்தால் படம் இருக்காது, இன்னொரு கோப்பின் பெயர் ஒற்றை வரியாக இருக்கும். பாதி ஐகன் மட்டும் மாறும் கதையின் மூலம் பெரும்பாலும் இதுதான். அளவு வாரியாகக் கோப்புகளை அடுக்கிப் பாருங்கள், இந்தக் குட்டிக் கோப்புகள் வரிசையாக வந்து நிற்கும். மருந்து எளியது: தீமை டார் பொதியாகவே, பிரிக்காமல், பென் டிரைவில் கொண்டுவாருங்கள். லினக்ஸ் கணினியின் வீட்டுக் கோப்புறைக்குள் வைத்துப் பிரியுங்கள்.

அடுத்தது கேஷ். ஒவ்வொரு முறையும் ஆயிரம் கோப்புகளைத் துழாவாமல் இருக்க, ஜிடிகே என்ற கருவித்தொகுப்பில் எழுதிய நிரல்கள் தீமின் வாசலில் ஒரு கேஷ் கோப்பு இருந்தால் அதையே நம்பும். அது பழசா புதுசா என்று பார்க்க, தீம் கோப்புறை கடைசியாக மாறிய நேரத்தோடு ஒப்பிடும். இங்கேதான் சிக்கல். உட்கோப்புறை ஒன்றில் நீங்கள் புது ஐகன் போட்டால் அந்த உட்கோப்புறையின் நேரம் மட்டும் மாறும், வெளிக்கோப்புறையின் நேரம் அப்படியே இருக்கும். கேஷ் இன்னும் புதுசு என்று நிரல் முடிவு கட்டிவிடும். கண்ணெதிரே கோப்பு இருக்கும், திரையில் வராது. மணிக்கணக்கில் ஆட்களைச் சுற்றவைக்கும் கோளாறு இது. வெளிக்கோப்புறையை 'டச்' கட்டளையால் ஒருமுறை தொட்டுவிடுங்கள், அல்லது 'ஜிடிகே அப்டேட் ஐகன் கேஷ்' கட்டளையால் கேஷைப் புதிதாக எழுதுங்கள். கேடிஈ பிளாஸ்மா டெஸ்க்டாப் தன் கேஷை வேறிடத்தில், வீட்டுக் கோப்புறைக்குள் உள்ள மறைகோப்புறையில் வைத்திருக்கும்.

படம் வருகிறது, ஆனால் மங்கலாக வருகிறது என்பது வேறு வகை. தேடும் விதி ஒன்று பலருக்குத் தெரியாது. ஒரு தீமில் கேட்ட பெயர் எந்த அளவிலாவது இருந்தால் போதும், தேடல் தாய்த் தீமுக்குப் போகாது. நீங்கள் கோப்புறை ஐகனை 16 பிக்சலில் பிஎன்ஜியாக மட்டும் வரைந்து வைத்தால், 48 பிக்சல் கேட்கும் இடத்திலும் அந்தச் சின்னப் படத்தைத்தான் இழுத்துப் பெரிதாக்கிக் காட்டும். தாய்த் தீமில் அருமையான 48 பிக்சல் படம் சும்மா இருக்கும். அளவைக் கூட்டிக் குறைக்கும்போது ஒரே ஐகன் வேறு தீமின் படமாக மாறிவிடக் கூடாது என்பதற்காக வைத்த விதி, நியாயமான விதிதான். அரைகுறையாக வரைகிறவர்களை அது தண்டிக்கும். எஸ்விஜியில் வரைந்து 'ஸ்கேலபிள்' என்று அறிவித்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

ஒரே ஒரு நிரலின் ஐகன் மட்டும் அடம்பிடித்தால் தீமை விட்டுவிடுங்கள். 'டாட் டெஸ்க்டாப்' என்று முடியும் அந்த நிரலின் கோப்பில் 'ஐகன்' என்ற வரியைப் பாருங்கள். பெயருக்குப் பதில் முழுப் பாதையும் எழுதியிருந்தால் எந்தத் தீமும் அதை அசைக்காது. ஸ்னாப் பொதிகள் வழியாக வரும் நிரல்களில் இது சகஜம்.

தனியார் வகுப்பொன்றின் பழைய கணினிகளுக்காக நானே ஒரு சின்னத் தீம் இங்க்ஸ்கேப் என்ற வரைகலை நிரலில் வரைந்தேன். நூற்றுக்கணக்கில் வரைவது வீண் வேலை என்பது என் கட்சி. பிள்ளைகள் அன்றாடம் தொடும் ஐகன்களை மட்டும் வரைந்து, மற்றதெல்லாம் மின்ட்டின் தீமில் இருந்து வரட்டும் என்று தாய்த் தீம் வரியில் எழுதிவிட்டேன். வீட்டு ஐகனுக்குத் தகரக் கூரை போட்ட தோட்டத்து வரிசை வீடான லயத்தை வரைந்திருந்தேன். பிள்ளையைக் கூட்டிப்போக வந்த ஓர் அக்கா பார்த்துவிட்டு, "லயத்தை ஏன் தம்பி இதுக்குள்ளயும் கட்டுறீங்க? தனி வீடா வரைங்க" என்றார். தனி வீடாக்கி முன்னால் ஒரு துண்டு மரக்கறித் தோட்டமும் வைத்தேன். கொழுந்துக் கூடையைக் குப்பைத்தொட்டியாக வைக்கலாமே என்று ஒரு பையன் சொன்னதை மட்டும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. சோறு போடும் கூடைக்குள் குப்பையைப் போடச் சொல்லக் கூடாது. பதிவிறக்கக் கோப்புறைக்கு அந்தக் கூடை போனது. அதற்கு 'டவுன்லோட்' என்றும் 'டவுன்லோட்ஸ்' என்றும் இரண்டு பெயர்கள் புழங்குவதால் இரண்டாவதற்கு ஒரு கைகாட்டியும் போட்டேன்.

பேனலில் வரும் ஒற்றை நிற ஐகன்களில் இன்னொரு நுணுக்கம் உண்டு. 'சிம்பாலிக்' என்று பெயர் முடிந்தால் ஜிடிகே அதன் நிறத்தைப் பின்னணிக்கு ஏற்ப மாற்றும். ஆனால் மாற்றுவது உள்நிரப்பு நிறத்தை. தேயிலைத் துளிரை வெறும் கோடாக வரைந்தால் அது நிரம்பிய பொட்டாகத் தெரியும். இங்க்ஸ்கேப்பில் கோட்டை வடிவமாக மாற்றிச் சேமித்தால் துளிர் துளிராகவே நிற்கும்.

தீம் செய்து பகிர்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மூல எஸ்விஜிகளையும், நீங்கள் எடுத்தாண்ட தீமின் உரிமக் குறிப்பையும் பொதிக்குள் சேர்த்தே கொடுங்கள். இண்டெக்ஸ் கோப்பில் தீமின் பெயரைத் தமிழிலும் எழுத இடமுண்டு, எழுதுங்கள். ஜிப் வேண்டாம், டார் பொதியாகக் கட்டிக் கொடுங்கள்.