ரப்பர் இலையில் ஊறும் தேன்!

மார்த்தாண்டத்திலிருந்து தேங்காப்பட்டணம் கடற்கரைக்குப் போகும் வழியில் இருக்கிறது புதுக்கடை. தென்னை, வாழை, பலா, இடையிடையே ரப்பர் என எங்கும் பச்சை. இந்தப் பக்கத்து ஊர்களில் வீட்டுத் தோட்டங்களை எட்டிப் பார்த்தால், காலூன்றி நிற்கும் சின்ன மரப்பெட்டிகள் கண்ணில் படும். எறும்பு ஏறாமலிருக்க, அடியில் தண்ணீர்க் கிண்ணம். உள்ளே குடியிருப்பவை தேனீக்கள்!

ஒரு காலத்தில் தேன் என்றால் மரப்பொந்தில் புகை போட்டு, அடையைப் பிழிந்து எடுப்பதுதான். கூடே அழிந்துவிடும். 1920-களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. தொடங்கிய கிராம மறுசீரமைப்பு மையத்தில், அமெரிக்கரான ஸ்பென்சர் ஹேட்ச் பெட்டியில் தேனீ வளர்ப்பதைப் பரப்பினார். அடையைச் சிதைக்காமல், சுழற்றியே தேன் எடுக்கலாம். தேனும் கிடைக்கும், தேனீயும் பிழைக்கும்.

இங்கே தேனின் ரகசியம் பூவில் இல்லை, இலையில்! இலையுதிர்த்த ரப்பர் மரம் ஆண்டின் தொடக்கத்தில் துளிர்க்கும்போது, மூன்று சிற்றிலைகள் சேரும் காம்பு நுனியில் இனிப்பு நீர் சுரக்கும். அதற்காகவே பெட்டிகளை வண்டியில் ஏற்றி ரப்பர் தோட்டங்களுக்குக் கொண்டு போகிறார்கள். தேனீக்கள் கூடடைந்த பிறகு, இரவில்தான் பயணம். மழைக்காலத்தில் தீனி இருக்காது. அப்போது சர்க்கரைப் பாகு கொடுத்துக் காப்பாற்ற வேண்டும்.

1991-92-ல் வந்தது சோதனை. 'தாய் சாக் புரூட்' என்ற வைரஸ் நோய் தென்னிந்தியா முழுக்கப் பரவி, புழுக்களைக் கொன்றது. பெட்டி பெட்டியாகக் கூடுகள் காலியாயின. பலர் தொழிலையே விட்டார்கள். பிழைத்த கூடுகளைப் பிரித்துப் பெருக்கித்தான் மற்றவர்கள் மீண்டார்கள். இன்று மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடும் உண்டு.

இதே தேனீயின் உறவுக்கார இனம் ஜப்பானிலும் இருக்கிறது. கூட்டுக்குள் புகும் பெருங்குளவியை நூற்றுக்கணக்கில் மொய்த்து, உடல் சூட்டாலேயே கொன்றுவிடும் வீரர்கள் அவை! பூச்சிகளை நேசிக்கும் அந்த நாட்டில், டோக்கியோவின் கன்எய்ஜி கோயிலில் பூச்சிகளுக்கென்றே 1821-ல் வைத்த நினைவுக்கல் உண்டு. ஓவியத்துக்காக உயிர்விட்ட பூச்சிகளுக்கான அஞ்சலி அது.

குமரியில் கல் இல்லை, பெட்டிதான். மதிப்பு ஒன்றுதான்.

பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை அந்தப் பக்கம் போனால் புதுத்தேன் கிடைக்கும். ரப்பர் தேன் சீக்கிரம் உறைந்து சர்க்கரை போலாகும். அதை வைத்துக் கலப்படம் என்று நினைத்துவிடாதீர்கள். பாட்டிலை வெதுவெதுப்பான நீரில் வைத்தால் இளகிவிடும். பெட்டியைப் பார்க்க ஆசையா? வாசலை மறைக்காமல் பக்கவாட்டில் நில்லுங்கள். பறந்து வருகிறவர்களுக்கு வேலை இருக்கிறது!