பஞ்சாமிர்தத்துக்குத் தண்ணி ஆகாது

 

இந்தப் பங்குனி உத்திரத்துக்கு நம்ம கோயில் பஞ்சாமிர்தத்தை நாங்க பிசைய முடியாது. அம்மா தவறி இன்னும் வருஷம் திரும்பல. எங்க வீட்டு வழக்கப்படி சாமி காரியத்துல கை வைக்கக்கூடாது. "அப்ப யார் செய்யறது?"ன்னு நிறைய பேர் கேட்டீங்க. நீங்கதான் செய்யணும். அம்மா சொல்லிக் கொடுத்ததை அப்படியே எழுதுறோம்.

நாங்க ஜாசின் பக்கம் தோட்டத்துல பிறந்து வளர்ந்தவங்க. அம்மா பால்மரம் வெட்டினவங்க. மாசி மகத்துக்கு செங் சன்னாசிமலை ஆண்டவர் கோயிலுக்கு லோரியில போனாலும் சரி, தோட்டத்து முருகனுக்கு உத்திரம் செஞ்சாலும் சரி, பஞ்சாமிர்தம் எங்க லயத்து வீட்டுலதான் தயாராகும்.

பழனியில விருப்பாட்சி மலைவாழைப்பழம் போடுவாங்க. அந்தப் பஞ்சாமிர்தத்துக்கு 2019-ல புவிசார் குறியீடும் கிடைச்சது. நமக்குப் பாசார்ல கிடைக்கிற பீசாங் பெராங்கான் போதும். வெல்லத்துக்குப் பதிலா அம்மா கூலா மலாக்கா போடுவாங்க. தென்னம்பாளையில இறக்கின பதநீரைக் காய்ச்சிச் செய்யறது, நம்ம ஊர் பேரே அதுக்கு இருக்கு.

ஒரு வீட்டுக்கு அளவு: நல்லாப் பழுத்த பெராங்கான் 10, துருவின கூலா மலாக்கா 250 கிராம், கொட்டை எடுத்த பேரீச்சம்பழம் 100 கிராம், கல்கண்டும் உலர்ந்த திராட்சையும் 50 கிராம், தேன் 3 கரண்டி, உருக்கி ஆற வச்ச நெய் 2 கரண்டி, ஏலக்காய் 6.

முதல்ல பேரீச்சம்பழத்தையும் கூலா மலாக்காவையும் கையால பிசையுங்க. அப்புறம் பழத்தை உரிச்சுப் போட்டுப் பிசையுங்க. தேன், நெய், ஏலக்காய்த்தூள், திராட்சை, கல்கண்டு எல்லாம் கடைசியில. உள்ளங்கையில எடுத்தா நிக்கணும், வழியக்கூடாது.

சாமிக்குப் படைக்கும் முன்னால ருசி பார்க்கக்கூடாது. அதனால இதை நாக்கால கத்துக்க முடியாது, கையாலதான் கத்துக்கணும். ஃபேக்டரியில எல்லாத்துக்கும் செய்முறையைச் சுவத்துல ஒட்டி வச்சிருக்கோம். அம்மாகிட்ட ஒரு துண்டுக் காகிதம் கூட கிடையாது.

ஆறு வருஷத்துக்கு முன்னால அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துடுச்சு. அந்த உத்திரத்துக்கு நாங்களே செஞ்சோம். கூட்டம் அதிகம், நேரம் இல்லைன்னு எல்லாத்தையும் மிக்ஸியில போட்டு அடிச்சோம். கழுவின அண்டாவைத் துடைக்கவும் இல்ல. காலையில மூடியைத் திறந்தா நுரை, புளிச்ச வாசனை. ஐயர் எட்டிப் பார்த்தார், ஒண்ணும் சொல்லல. அன்னைக்குப் பஞ்சாமிர்தம் இல்லாமலே முருகனுக்கு அபிஷேகம் நடந்துச்சு. எங்களுக்குத் தலை நிமிர முடியல.

வீட்டுக்கு வந்து சொன்னோம். அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க: "பாத்திரத்தைத் துடைச்சீங்களாடா?"

சர்க்கரையும் தேனும்தான் பழத்தைக் கெடாம வைக்குது. தண்ணி சேர்ந்தா அந்தப் பலம் குறைஞ்சு புளிச்சிடும். அம்மாவுக்கு இந்தக் காரணம் எல்லாம் தெரியாது. "தண்ணி ஆகாது" அவ்வளவுதான் சொல்வாங்க.

அடுத்த வருஷம் எங்க பக்கத்துல நாற்காலி போட்டு உட்கார்ந்தாங்க. நாங்க பிசைஞ்சு முடிச்சதும் இடது கையை நல்லாத் துடைச்சு அண்டாவுக்குள்ள விட்டாங்க. "இங்க கட்டி இருக்கு, அங்க பேரீச்சம்பழம் மசியல"ன்னு தடவியே சொன்னாங்க. அப்படித்தான் எங்க கைக்கு அது வந்துச்சு.

உத்திரத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் 7 மணிக்குக் கோயில் மடைப்பள்ளிக்கு வாங்க. பிள்ளைங்களையும் கூட்டிட்டு வாங்க. ஆளுக்கு ஒரு காய்ஞ்ச துண்டு கொண்டு வாங்க. நாங்க உள்ளே வர மாட்டோம், வெளி வாசல்ல இருப்போம். சந்தேகம் இருந்தா வந்து கேளுங்க.

பிசையறதுக்கு முன்னால கையைத் துடைச்சுக்குங்க. முருகன் துணை.