இடமாறு தோற்றப் பிழை

கண்ணாடியின்றி நாளிதழ் வாசிக்க இயலாத வயதை எட்டியவர்களுக்கு வெள்ளெழுத்து என்பதை விளக்க வேண்டியதில்லை. அந்த வெள்ளெழுத்து ஒரு முதியவரின் கையிலிருந்து அவர் நேசித்த துப்பாக்கியைப் பறிக்க முற்பட்டதையும், அதற்கு நானே அறியாமல் துணைபோனதையும் இங்குச் சொல்ல விரும்புகிறேன்.

2018-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் பங்குப் பணியாற்றிக்கொண்டிருந்தேன். 1907-ஆம் ஆண்டிலேயே தேசியச் சுடுதல் போட்டிகளுக்கு இடமளித்த கேம்ப் பெரி அந்த மாநிலத்தில்தான் இருக்கிறது. அங்கே இலக்குச் சுடுதல் என்பது தாத்தாவும் பேத்தியும் சேர்ந்து பழகும் எளிய விளையாட்டு. கல்லூரி நாள்களில் தேசிய மாணவர் படையில் சேர்ந்து, குப்புறப் படுத்து ‘பாயிண்ட் டூ டூ’ துப்பாக்கியால் சுட்டுப் பழகியவன் நான். அதை ஒருமுறை வாய்தவறிச் சொன்னதால், கடைசல் பட்டறையில் உழைத்து ஓய்வுபெற்ற அம்முதியவர் என்னைத் தம் தோழனாக்கிக்கொண்டார்.

அவரிடம் இருந்ததும் அதே ரகம். தோட்டாவின் அடிவிளிம்பில் பற்றுமருந்து இருப்பதால் ரிம்ஃபயர் என்பார்கள். உதைப்பு குறைவு, தோட்டாவின் விலையும் குறைவு. பெரும்பாலும் 50 கெஜத் தொலைவில் வைத்த காகித இலக்கே அதன் களம். இரும்புக் குறிகளைக் கொண்டு சுடும்போது பின்குறி, முன்குறி, இலக்கு ஆகிய மூன்றையும் கண் ஒருசேரக் காண வேண்டும். மூன்றும் மூன்று தூரங்களில் இருப்பவை. இளமையில் கண்வில்லை நெகிழ்ந்து கொடுத்து அவற்றை மாறிமாறித் தெளிவாக்குகிறது; முதுமையில் அது இறுகிவிடுகிறது. முன்குறி மங்கிப்போன அவருக்குத் தொலைநோக்கி ஒன்றே வழியாயிற்று. பன்னாட்டு 50 மீட்டர் போட்டிகளில் அதற்கு இடமில்லை; அவருடைய சிறு கழகத்தில் தடையில்லை. கையிலோ 150 டாலருக்கு மேல் இல்லை.

கடையில் மூன்று தொலைநோக்கிகளை மேசைமீது வைத்தார்கள். முதலாவது 4×32, நான்கு மடங்கு மட்டுமே பெரிதாக்கும். முன்வில்லையின் விட்டம் 32 மில்லிமீட்டர். இரண்டாவது 2-7×32, ரிம்ஃபயருக்கென்றே செய்யப்பட்டது. மூன்றாவது 4-12×40, பன்னிரண்டு மடங்கு வரை பெரிதாக்கும். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் விலையில் வேறுபாடு அதிகமில்லை. “கண் மங்கியவருக்குப் பெரிதாகத் தெரிவதுதானே நல்லது?” என்று நான் சொன்னேன். என் சொல்லை நம்பி அவர் மூன்றாவதை வாங்கினார்.

அடுத்த சில வாரங்களில் அவருடைய இலக்குக் காகிதங்களைப் பார்க்கவே எனக்குச் சங்கடமாயிருந்தது. குண்டுகள் இங்குமங்குமாய்ச் சிதறியிருந்தன. பன்னிரண்டு மடங்குப் பெருக்கத்தில் அவருடைய கைநடுக்கமும் பன்னிரண்டு மடங்காகத் தெரிந்தது. நெஞ்சு துடிக்கும்போதெல்லாம் குறுக்குக்கோடு துள்ளுவதை அவரே கண்டார். ஒருநாள், “ஃபாதர், கண்ணை மட்டும்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். கையும் போய்விட்டது போலிருக்கிறது. இதைப் பேத்தியிடம் கொடுத்துவிடப் போகிறேன்” என்றார். மனிதர் தம் குறைகளைச் சொல்லக் கேட்பதையே பணியாகக் கொண்ட நான், அன்று அதையும் கேட்டுத் தலையசைத்துவிட்டு வந்தேன். அந்தத் தலையசைப்பு இன்றும் என்னை உறுத்துகிறது.

உண்மையைக் காட்டித் தந்தவர் கழகத்தின் பயிற்சியாளர். தோட்டா இல்லை என்று சோதித்துவிட்டுத் துப்பாக்கியை மணல்மூட்டைமேல் அசையாமல் இருத்தி, 50 கெஜத்து இலக்கை நோக்கி வைத்தார். “துப்பாக்கியைத் தொடாமல் பாருங்கள். தலையை மட்டும் மெல்ல அசையுங்கள்” என்றார். பார்த்தேன். துப்பாக்கி அசையவில்லை; இலக்கும் அசையவில்லை; ஆயினும் என் தலை அசைய அசைய, குறுக்குக்கோடு இலக்கின்மேல் உலவிக்கொண்டிருந்தது!

அளவுகோலைச் சாய்வாகப் பார்த்தால் அளவு தவறும் என்று பள்ளியில் படித்த இடமாறு தோற்றப் பிழைதான் அது. இலக்கின் பிம்பமும் குறுக்குக்கோடும் ஒரே தளத்தில் அமைந்தால் கண் சற்று விலகினாலும் குறி மாறாது. அப்படி அமைவது ஒரு குறிப்பிட்ட தூரத்திற்கு மட்டுமே. அந்த மூன்றாம் தொலைநோக்கி, பெரிய துப்பாக்கிகளுக்காக 100 கெஜத்திற்கு அமைக்கப்பட்டது. 40 மில்லிமீட்டர் வில்லையுடைய அதை 50 கெஜத்தில் பயன்படுத்தினால், கண் விளிம்புக்கு விலகும்போது குறி 10 மில்லிமீட்டர் வரை தவறக்கூடும். பன்னாட்டுப் போட்டியின் 50 மீட்டர் இலக்கில் பத்தாம் வட்டத்தின் விட்டமே 10.4 மில்லிமீட்டர்தான். கழுத்து இறுகிய முதியவர் ஒவ்வொரு முறையும் கன்னத்தை ஒரே இடத்தில் பதிப்பது எங்ஙனம்?

ரிம்ஃபயருக்கென வருபவை இதை எண்ணியே செய்யப்படுகின்றன. வோர்டெக்ஸ் கிராஸ்ஃபயர் வரிசையின் ரிம்ஃபயர் 2-7×32, 50 கெஜத்திற்கு அமைந்தது; லியூபோல்டின் ரிம்ஃபயர் வகை, 60 கெஜத்திற்கு. முன்வில்லையைத் திருகித் தூரத்தை நாமே அமைத்துக்கொள்ளும் வகையும் உண்டு. மடங்குகளை எண்ணுவதற்குமுன் இந்தத் தூரத்தையே கேட்டிருக்க வேண்டும். அடுத்துக் கேட்க வேண்டியது திருகுக் குமிழின் நேர்மை. கால் கோணநிமிட அளவுள்ள ஒரு சொடுக்கு, 50 கெஜத்தில் குறியை ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் நகர்த்த வேண்டும். மேலே இருபது, வலப்பக்கம் இருபது, கீழே இருபது, இடப்பக்கம் இருபது என்று திருகிச் சுட்டால், கடைசிக் குண்டு முதற்குண்டின் இடத்திற்கே திரும்ப வேண்டும். மலிவான கருவிகள் பல தோற்பது இவ்விடத்தில்தான்.

கடைக்காரர் நல்லவர், மாற்றிக் கொடுத்தார். 2-7×32 பொருத்தி, ஐந்து மடங்கில் வைத்து முதியவர் சுட்டார். சதுரச் சோதனையிலும் அது தேறியது. குண்டுகள் ஒரு சிறு நாணயத்துள் அடங்கிவிட்டன என்று எழுத ஆசைதான், அடங்கவில்லை. கை நடுங்கியது நடுங்கியதுதான். ஆனால் முன்பு உள்ளங்கையளவு சிதறியவை இப்போது ஓர் எலுமிச்சம்பழ அளவுக்குள் நின்றன. காகிதத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், “இவ்வளவுதானா என் தவறு?” என்றார். அவர் குரல் தழுதழுத்தது.

நான் 2019-இல் தாயகம் திரும்பும்வரை அந்தத் துப்பாக்கி பேத்தியிடம் போகவில்லை. சனிக்கிழமைதோறும் அவளும் உடன்வந்து அதே துப்பாக்கியால் சுடக் கற்றாள். இப்போதெல்லாம் யாராவது என் முன்னே அமர்ந்து, “எல்லாம் என் குறைதான்” என்று சொன்னால், நான் உடனே தலையசைப்பதில்லை. அவர் கையில் யார் எந்தக் கருவியைக் கொடுத்தார்கள் என்று முதலில் கேட்டுக்கொள்கிறேன்.