அகஸ்தியம்பள்ளி வரை பத்து ரூபாய்

"அது தொண்டருங்க மீட்ட பாதை தம்பி" என்றார் லால்குடி ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியவர். ரயில்வேயில் தண்டவாளம் பராமரிக்கிற கேங்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். திருத்துறைப்பூண்டியிலிருந்து வேதாரண்யம் வழியாக அகஸ்தியம்பள்ளி போகும் பாதையைத்தான் சொன்னார். நின்றுபோன பாதையை ஊர் ஜனங்களே மறுபடி போட்டு ரயில் விட்டார்களாம். தண்டவாளம் போடுவது ஊர்க் குளம் தூர்வாருவது மாதிரி வேலையில்லையே, அதை எப்படிச் செய்திருப்பார்கள்? பெரியவரிடம் அதற்குப் பதில் இல்லை. போய்ப் பார்த்துவிடுவது என்று ஒரு நாள் விடியற்காலை கிளம்பினேன்.

லால்குடியிலிருந்து திருச்சிக்கு பாசஞ்சரில் பத்து ரூபாய். இருபது கிலோமீட்டர்தான். வாளாடி தாண்டியதும் கொள்ளிடம். தண்ணீர் ஒரு ஓரமாக ஓடியது, மிச்சமெல்லாம் மணல். ஸ்ரீரங்கத்தில் ராஜகோபுரம், அடுத்துக் காவிரி, அதற்கப்புறம் மலைக்கோட்டை. கார்டு லைன் என்கிற இந்தப் பாதை முழுசாகத் திறந்தது 1929-ல். பராமரிப்பு என்றால் என்ன என்று இந்தப் பக்கத்து ரயில்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1956 நவம்பர் 23 அன்று, வடக்கே அரியலூர் பக்கம் மருதையாற்று வெள்ளத்தில் பாலம் உடைந்து தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் விழுந்தது. நூறு பேருக்கு மேல் செத்துப்போனார்கள். ரயில்வே அமைச்சராக இருந்த லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்று ராஜினாமா செய்தது அதற்காகத்தான். அந்தக் காலத்து கேங்மேன்களிடம் வேலை பழகியவர் அந்தப் பெரியவர். தண்டவாளத்தைப் பற்றி அவர் விளையாட்டாகப் பேசமாட்டார் என்பதால்தான் அவர் சொன்னதைத் தேடிப் போனேன்.

திருச்சியில் வண்டி மாற வேண்டும். நான் போகிற ஊருக்கு இதே திருச்சியிலிருந்து 1930-ல் ஒரு கூட்டம் நடந்தே போயிருக்கிறது. ஏப்ரல் 13 அன்று, கன்டோன்மென்டில் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் வீட்டிலிருந்து ராஜாஜி தலைமையில் நூறு பேர் அளவில் உப்புச் சத்தியாகிரகத்துக்குப் புறப்பட்டார்கள். வேதாரண்யம் போய்ச் சேர்ந்தது ஏப்ரல் 28-ல். அவர்களுக்குச் சோறோ தங்க இடமோ கொடுத்தால் ஜெயில் என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் உத்தரவு போட்டிருந்தார். ஜனங்கள் சோற்றுப் பொட்டலத்தை வழியோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டுப் போய்விட்டார்கள். யார் கொடுத்தது என்று போலீஸ் யாரைக் கேட்கும்?

தஞ்சாவூர், திருவாரூர் வரை ரயில். அங்கிருந்து திருத்துறைப்பூண்டிக்கு பஸ் பிடித்தேன். முப்பது ரூபாய்க்குள் டிக்கெட், ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. இரண்டு பக்கமும் வயல், நடுநடுவே வாய்க்கால் மதகு.

திருத்துறைப்பூண்டி ஸ்டேஷனில் டீ பன்னிரண்டு ரூபாய். பிளாட்பாரத்தில் டெமு ரயில் ஏற்கெனவே நின்றிருந்தது, டீசல் புகை வாசனையோடு. கிளம்ப நேரம் இருந்ததால் பிளாட்பாரத்தின் கோடி வரை நடந்து பாதையைப் பார்த்தேன். கான்கிரீட் ஸ்லீப்பர். ஒவ்வொன்றிலும் தண்டவாளத்தைக் கவ்விப் பிடிக்கிற வளைந்த இரும்புக் கிளிப். கருங்கல் ஜல்லி முனை மழுங்காமல், பழுப்பேறாமல் இருந்தது. அகலப்பாதை என்றால் இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே 1,676 மில்லிமீட்டர். பழைய மீட்டர் கேஜில் 1,000 மில்லிமீட்டர்தான். அப்படியானால் பழைய பாதையில் எதையும் அப்படியே வைத்திருக்க முடியாது. தண்டவாளம், ஸ்லீப்பர், பாலம், பிளாட்பாரம் எல்லாமே புதிதாக வந்திருக்க வேண்டும். இது கையால், கடப்பாரையால் முடிகிற காரியமாகத் தெரியவில்லை.

அங்கே ஆரஞ்சு கோட்டு போட்டு, நீளக் கைப்பிடிச் சுத்தியலோடு, தண்டவாளத்தைச் சரிபார்க்கிற ஒரு கீமேன் வந்துகொண்டிருந்தார். இருபத்தைந்து வயதிருக்கும். "தம்பி, இந்தப் பாதையை யாரு போட்டது?" என்று கேட்டேன்.

"கான்ட்ராக்ட்டுல போட்டது சார். ஜல்லியை இறுக்க மிஷின் வந்துச்சு."

"ஊர்க்காரங்க வந்து போட்டாங்கன்னு சொன்னாங்களே?"

"ஊர்க்காரங்களை பாதையில கைவைக்க விடமாட்டாங்க சார். நடந்தாலே ஃபைன்" என்று சொல்லிவிட்டு ஒரு கிளிப்பைத் தட்டிப் பார்த்துக்கொண்டே நகர்ந்தார்.

பதிவில் இருப்பதும் அதுதான். மீட்டர் கேஜ் வண்டி 2004-ல் நின்றது. 37 கிலோமீட்டர் பாதையை 294 கோடி ரூபாய்ச் செலவில் அகலமாக்கினார்கள். 2023 ஏப்ரல் 8 அன்று பிரதமர் தொடங்கி வைத்தார். நடுவில் பத்தொன்பது வருஷம் ஓடிவிட்டது. அந்த வருஷங்களில் பிறந்த பிள்ளை கல்லூரிக்கே போயிருக்கும், ஊரில் ரயிலைப் பார்க்காமலேயே.

அகஸ்தியம்பள்ளிக்கு டிக்கெட் பத்து ரூபாய். என் பெட்டியில் பாதி இருக்கை காலியாக இருந்தது. எதிரே இரண்டு பெண்கள், காலடியில் காலிப் பூக்கூடை. காலையில் முல்லைப் பூ கொண்டுபோய்ப் போட்டுவிட்டுத் திரும்புகிறார்கள். பூ இல்லாத கூடையிலிருந்தும் வாசனை வந்தது. ஜன்னலோரம் வேட்டி, துண்டோடு ஒரு முதியவர். எனக்கு முன்பே அவர் பேச்சைத் தொடங்கிவிட்டார். "எங்கேர்ந்து வர்றீங்க?" லால்குடி என்றதும் நகர்ந்து பக்கத்தில் இடம் கொடுத்தார்.

பெரியவர் சொன்னதை அவரிடம் சொன்னேன். சிரிக்கவில்லை. "ஒருவகையில சரிதாங்க" என்றார். பாதை நின்றதிலிருந்து வருஷா வருஷம் மனு எழுதியது, கையெழுத்து வாங்கியது, எம்.பி. ஊருக்கு வரும்போதெல்லாம் போய் நின்றது, உண்ணாவிரதம் உட்கார்ந்தது என்று வரிசையாகச் சொன்னார். "வேலை நடக்குதா, நின்னுபோச்சான்னு சைக்கிள்ல போய்ப் பாத்துட்டு வருவோம். மண்ணு கொட்டி வெச்சிட்டு மாசக்கணக்கா ஆளே வராது. மறுபடி ஒரு மனு." இதற்கு யாரும் அவர்களுக்குச் சம்பளம் கொடுக்கவில்லை. கேங்மேன் பெரியவர் தொண்டர் என்று சொன்னது யாரை என்று எனக்கு அப்போது விளங்கியது.

ரயில் கரியாப்பட்டினம், குரவப்புலம், நெய்விளக்கு என்று நின்று நின்று போனது. முதலில் வயல்வெளி. கொஞ்ச தூரத்தில் மண் நிறம் மாறி மணலாகிறது. நெல் குறைந்து தென்னையும் மாவும் வருகின்றன, தோட்டத்துக்குள் முல்லைப் பாத்தி. தென்னைகளில் பெரும்பகுதி இளசு, கையெட்டும் உயரத்தில் குலை. "எல்லாம் கஜாவுக்கு அப்புறம் வெச்சது" என்றார் முதியவர். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கரையைக் கடந்த அந்தப் புயல் இந்தப் பக்கத்துத் தோப்புகளை வேரோடு சாய்த்துப் போட்டது. தென்னைக்கும் முல்லைக்கும் நடுவே புதுக் கருங்கல் மேட்டில் ரயில் போனது.

தோப்புத்துறைக்கு அப்புறம் வேதாரண்யம். பெட்டியில் இருந்த பெரும்பாலானோர் இங்கேயே இறங்கிவிட்டார்கள். அப்பர் பாடித் திறந்து, சம்பந்தர் பாடி மூடியதாகச் சொல்லப்படும் கோயில் கதவு இந்த ஊரில்தான். நான் இறங்கவில்லை. பாதை முடிகிற இடத்தைப் பார்க்க வேண்டும்.

அகஸ்தியம்பள்ளி இன்னும் நாலைந்து கிலோமீட்டர். பிளாட்பாரத்தில் இறங்கியதுமே உதட்டில் உப்பு கரித்தது. காற்று நிற்கவே இல்லை. வெயிலில் கண் கூசியது, காரணம் வானம் இல்லை, தரை. உப்பளப் பாத்திகள் கண்ணுக்கெட்டிய வரை வெள்ளையாக விரிந்து கிடந்தன. வரப்பில் ஆட்கள் நீளக் கொம்பு வைத்த பலகையால் உப்பை வாரிக் கரை சேர்த்துக்கொண்டிருந்தார்கள். குவித்த உப்பின் மேல் சில இடத்தில் கீற்று மூடியிருந்தது, சில இடத்தில் தார்ப்பாய். ரோட்டோரக் கடையில் கல்லுப்பு கிலோ பத்து ரூபாய் என்றார்கள். வாங்கிக்கொண்டேன்.

இந்தப் பாதையைத் திறக்கும்போது அரசு சொன்ன முக்கியமான பயன் உப்பு. சமையல் உப்பையும் தொழிற்சாலை உப்பையும் ரயிலில் அனுப்பலாம் என்றார்கள். நான் இருந்த நேரத்தில் கண்ணில் பட்ட உப்பு மூட்டை அத்தனையும் லாரியில்தான் ஏறியது. தலையில் சும்மாடு வைத்து மூட்டை தூக்கிய ஒருவரிடம் கேட்டேன். "ரயிலு ஆளுங்க போறதுக்குண்ணே. உப்புக்கு லாரிதான்" என்றார். ஒரே ஒரு நாள் பார்த்ததை வைத்து முடிவு கட்டமாட்டேன். ஆனால் அன்றைக்குப் பார்த்தது அதுதான்.

உப்புச் சத்தியாகிரக நினைவுத் தூணுக்கு விசாரித்துக்கொண்டே நடந்தேன். 1930 ஏப்ரல் 30 அன்று இந்த உப்புச் சதுப்பில்தான் ராஜாஜி உப்பை அள்ளிக் கைதானார், ஆறு மாதம் ஜெயிலுக்குப் போனார். ஊர்ப் பக்கம் எல்லா ஏற்பாட்டையும் தாங்கி நின்றவர் சர்தார் வேதரத்தினம். தூணின் நிழலில் நின்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவர்கள் நடந்து வந்தது பதினைந்து நாள். நான் காலையில் கிளம்பி உச்சி வெயில் சாய்வதற்குள் வந்துவிட்டேன். இவ்வளவு வரலாறு இந்தப் பாதையின் கோடியில் இருக்கிறது. ஆனால் ஸ்டேஷனில் இறங்குகிற ஒருவருக்கு அதைச் சொல்ல ஒரு பலகை என் கண்ணில் படவில்லை. பிளாட்பாரத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தேடிவிட்டுத்தான் சொல்கிறேன்.

அதன்பின் பாதையின் முடிவுக்குப் போனேன். தண்டவாளம் ஒரு தடுப்பில் நிற்கிறது. அதற்கு அப்பால் சீமைக் கருவேலம் அடர்ந்து கிடக்கிறது. மீட்டர் கேஜ் காலத்தில் ரயில் இன்னும் ஒன்பது கிலோமீட்டர் தெற்கே கோடியக்கரை வரை போயிருக்கிறது. அந்தத் துண்டை மீட்கவில்லை. கோடியக்கரை இன்று சரணாலயம். வெளிமான் மேய்கிற காடு, வலசைப் பறவைகள் வந்து இறங்குகிற சதுப்பு. அங்கே ரயில் மறுபடி போக வேண்டாம் என்பதே என் எண்ணம்.

தொண்டர்களே தண்டவாளம் போட்ட பாதை உலகத்தில் இல்லாமல் இல்லை. பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் டாலிலின் என்ற சிறு பாதை 1865-லிருந்து பலகைக்கல் ஏற்றிக்கொண்டிருந்தது. 1950-ல் அதன் சொந்தக்காரர் இறந்தார். டாம் ரோல்ட் என்ற எழுத்தாளர் பர்மிங்காமில் கூட்டம் போட்டு ஆள் திரட்டினார். 1951 மே 14 அன்று தொண்டர்களே வண்டி ஓட்டினார்கள். தேய்ந்துபோன தண்டவாளத்தை இடம் மாறாமல் பிடித்து வைத்திருந்தது புல்வேர்தான் என்கிற நிலையில் அந்தப் பாதையை ஏற்று நடத்தினார்கள். பக்கத்திலேயே ஃபெஸ்டினியாக் பாதையின் ஒரு பகுதி மின்நிலைய நீர்த்தேக்கத்தில் மூழ்கிவிட்டது. தொண்டர்கள் 1965-லிருந்து 1978 வரை விடுமுறை விடுமுறையாக வந்து மண் வெட்டி, நாலு கிலோமீட்டர் புதுப் பாதை போட்டார்கள். அங்கே அது முடிந்ததற்குக் காரணம் உண்டு. 1948-ல் அந்த நாட்டு அரசு ரயில்களையெல்லாம் எடுத்துக்கொண்டபோது இந்தச் சின்னக் கம்பெனிகளை விட்டுவிட்டது. மெதுவாகப் போகிற குட்டி வண்டி. தவறு நடந்தால் பதில் சொல்வதும் அவர்களே. நம் பாதை இந்திய ரயில்வேயின் பாதை. இங்கே கிளிப்பைத் தட்டுகிற வேலை பயிற்சி பெற்ற கீமேன் வேலையாகவே இருக்க வேண்டும். மருதையாறு நடந்த நாட்டில் அதில் விட்டுக்கொடுக்க முடியாது.

ஆனால் தொண்டர்களுக்கு வேலையே இல்லை என்று ஒப்புக்கொள்ளமாட்டேன். இதே திருத்துறைப்பூண்டிப் பக்கம்தான் நெல் ஜெயராமன் நூற்றுக்கும் மேற்பட்ட பாரம்பரிய நெல் ரகங்களை மீட்டார். இரண்டு கிலோ விதை வாங்குகிற விவசாயி அடுத்த வருஷம் நாலு கிலோ திருப்பித் தர வேண்டும். அந்த ஒரு விதியை வைத்துத் தொலைந்துபோன ரகங்களை ஊர் ஊராகப் பரப்பினார். இந்த ரயில் பாதைக்கும் அப்படி ஆள் வேண்டும். மீட்டர் கேஜ் வண்டியில் வேலை பார்த்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கும்போதே அவர்கள் சொல்வதைப் பதிவு செய்ய வேண்டும். பழைய படங்களை வீடு வீடாகக் கேட்டு வாங்க வேண்டும். ஸ்டேஷனில் 1930-ஐச் சொல்லும் பலகை வைக்க அனுமதி கேட்டு மனு எழுத வேண்டும். மனு எழுதுவதில் இந்த ஊர்க்காரர்களுக்குப் பழக்கம் உண்டு.

திரும்பும்போது அடுத்த ரயிலுக்கு நேரம் நிறைய இருந்தது. ஷேர் ஆட்டோவில் இருபது ரூபாய் கொடுத்து வேதாரண்யம் வந்தேன். பஸ் ஸ்டாண்டில் கூட்டம் நெரிந்தது. திருத்துறைப்பூண்டி பஸ் அடிக்கடி இருக்கிறது, ரயில் அப்படி இல்லை. ஜனங்கள் பஸ்ஸுக்குப் போவதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் காலி இருக்கையோடு ஓடும் ரயிலுக்குக் கூடுதல் வண்டி கேட்பது கடினம், கூடுதல் வண்டி இல்லாமல் இருக்கை நிரம்பாது. இந்த முடிச்சை யாராவது ஒரு பக்கத்திலிருந்து அவிழ்க்க வேண்டும். ரயில்வே செய்ய வேண்டியது, பூக்கூடைக்காரர்களுக்கும் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளுக்கும் தோதான நேரத்தில் வண்டி விடுவது, உப்பை ஏற்றுவது. நாம் செய்ய வேண்டியது, அந்த வண்டியில் ஏறுவது. திருச்சி, லால்குடி, தஞ்சாவூர்ப் பக்கம் இருப்பவர்கள் கோடியக்கரைக்கோ வேதாரண்யம் கோயிலுக்கோ போகும்போது காரை எடுக்காமல் திருத்துறைப்பூண்டியில் டெமு ஏறுங்கள். நேரத்தை முன்னாலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். டிக்கெட் கட்டாயம் வாங்குங்கள். அந்தக் கணக்கை வைத்துத்தான் அடுத்த வண்டி கேட்க முடியும்.