கல்முனையில் கண்ட பழைய கார்

மட்டக்களப்பிலிருந்து தெற்கே செல்லும் கடற்கரை வீதியில் ஓர் ஊர் எங்கே முடிகிறது, மற்றோர் ஊர் எங்கே தொடங்குகிறது என்று சொல்வது எளிதன்று. கல்லடிப் பாலத்தைக் கடந்தபின் காத்தான்குடி, களுவாஞ்சிகுடி, கல்லாறு, பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு என ஊர்கள் ஒன்றன் தோளை ஒன்று தொட்டு நிற்கின்றன. ஏறக்குறைய 40 கிலோமீற்றர் சென்றால் கல்முனை. கிழக்கே கடல், மேற்கே வயல், நடுவே ஒடுங்கிய மணல்நிலத்தில் நெருங்கிய வீடுகள். கோயில் மணியையும் பள்ளிவாசல் பாங்கொலியையும் ஒரே வீதியில் கேட்கலாம்.

சென்ற மார்கழி விடுமுறையில், கல்முனையில் ஆசிரியராக இருக்கும் நண்பர் ஒருவரின் அழைப்பை ஏற்று அங்கே இரண்டு நாள் தங்கினோம். மருதமுனைக் கைத்தறிகளைக் காண்பதே நம் நோக்கம். ஆனால் நண்பர் காலையிலேயே திட்டத்தை மாற்றிவிட்டார்.

“தறி நாளைக்கும் இருக்கும் சேர். சாய்ந்தமருதில் ஒரு பழைய காரை விலை மதிக்க இன்றைக்குக் கொழும்பிலிருந்து ஆள் வருகிறார். அது நாளைக்குக் கிடைக்காது” என்றார்.

மழைத் தூறலில் நடந்து சென்றோம். வீட்டுக்காரர் எண்பதைக் கடந்த ஹாஜியார். “வாங்க சேர், இரிங்க” என்று வரவேற்றுத் தேநீர் தந்தார். முற்றத்துத் தகரக் கொட்டகையின் கீழே நின்றது கார். 1954ஆம் ஆண்டின் மொறிஸ் மைனர், பச்சை நிறம், முன்கண்ணாடி நடுவே ஒரு கம்பியால் பிரிந்து இரண்டு துண்டாக இருந்தது. திரும்பும்போது கதவுத்தூணிலிருந்து வெளியே நீளும் சிறிய கைகாட்டி இன்னும் வேலை செய்தது. வலப்பக்க முன்கதவு மட்டும் மற்றப் பாகங்களிலிருந்து சற்று வேறான பச்சை.

மொறிஸ் மைனரை மாணவர்கள் பலர் அறிந்திருக்கமாட்டார்கள். அலெக் இஸிகோனிஸ் என்பவர் வடிவமைத்த இந்தக் கார் 1948 ஒக்டோபரில் லண்டன் மோட்டார்க் கண்காட்சியில் முதன்முதல் வைக்கப்பட்டது. செய்து பார்த்த மாதிரி வண்டி ஒடுக்கமாகத் தோன்றியதால், அதனை நடுவே அறுத்து நான்கு அங்குலம் அகலப்படுத்தினார் என்பது புகழ்பெற்ற செய்தி. முன்மூடியின் நடுவே ஓடும் தட்டையான பட்டை அந்த நான்கு அங்குலத்தின் அடையாளம். பத்து இலட்சம் என்ற எண்ணை எட்டிய முதல் பிரித்தானியக் கார் இதுவே. 1970களின் தொடக்கத்தில் உற்பத்தி நிற்கும்வரை 16 இலட்சத்துக்கும் மேற்பட்டவை செய்யப்பட்டன.

புகைவண்டிப் பாதை மட்டக்களப்போடு நின்றுவிடும் இந்தக் கரையில் கார் என்பது ஆடம்பரம் அன்று. ஹாஜியாரின் வாப்பா நெல் விற்ற பணத்தில் இதனை வாங்கியபோது அவருக்குப் பத்து வயது. மாப்பிள்ளைகளை ஏற்றியது, பேறுகாலத்துப் பெண்களை நள்ளிரவில் மட்டக்களப்பு ஆசுபத்திரிக்குக் கொண்டு சென்றது. 1924இல் திறந்த பழைய கல்லடிப் பாலத்தில் எதிரே லொறி வந்தால் கரையிலேயே காத்திருக்கவேண்டும். “அந்தக் காத்திருப்பிலே காருக்குள்ளேயே ஒரு பிள்ளை பிறந்திருக்கிறது. அந்தப் பிள்ளைக்கே இப்போது பேரப்பிள்ளைகள்” என்று ஹாஜியார் சிரித்தார்.

1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977க்குப் பின்னரே கட்டுப்பாடு தளர்ந்தது. இடைப்பட்ட காலத்தில் இருந்த கார்களை உயிரோடு வைத்திருந்தவர்கள் நம் ஊர்க் கராஜ்காரர்கள். கிடைக்காத உறுப்பைக் கடைச்சல் இயந்திரத்தில் தாமே செய்துகொண்டார்கள். அவ்வித்தை வீணாகவில்லை: 1990களில் இங்கிலாந்தின் பாத் நகரத்து மொறிஸ் மைனர் நிலையத்துக்கு வேண்டிய உதிரிப்பாகங்கள் இலங்கையில் செய்து அனுப்பப்பட்டன. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மறுபடி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் வழி திறந்தது. அந்த ஐந்தாண்டுகளில் ஓடக்கூடிய எந்தக் காருக்கும் விலை ஏறியது.

கொழும்பிலிருந்து வந்தவர் நடுவயதினர். தமிழ் நன்றாகப் பேசினார். அவர் மதித்த முறை ஒரு வைத்தியர் நோயாளியைப் பார்ப்பது போலிருந்தது. முதலில் உடல் இலக்கத்தைப் பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிட்டார். எண்தகட்டை நெடுநேரம் நோக்கினார். 1957இன் தொடக்கத்தில் எண்தகடுகளில் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்தைப் புகுத்தியபோது தமிழ்ப் பகுதிகளில் பெருங்கிளர்ச்சி எழுந்ததை வரலாறு படித்தோர் அறிவர். இந்தக் கார் அதற்கு முந்தியது. ஆதலால் அதன் தகட்டில் இரண்டு ஆங்கில எழுத்துகள். அன்று அரசியல் புயல் எழுப்பிய தகடு, இன்று வண்டியின் வயதைச் சொல்லி விலையைக் கூட்டுகிறது.

அதன்பின் துணியில் சுற்றிய காந்தத்தை உடல் முழுவதும் நகர்த்தினார். காந்தம் பிடிக்காத இடத்தில் இரும்பில்லை. துருவை மறைத்துப் பசை பூசியிருக்கிறார்கள் என்று பொருள். பின்பு சாக்கை விரித்துக் கீழே படுத்தார். இந்தக் காருக்கு லொறியைப் போலத் தனிச் சட்டகம் கிடையாது. தகட்டுடலே பாரத்தைத் தாங்குகிறது. ஆதலால் கதவுகளுக்குக் கீழே ஓடும் பெட்டிப் பாகம் துருப்பிடித்தால் காரின் முதுகெலும்பே போயிற்று. கடற்கரை ஊரிலோ உப்புக்காற்று நாள்தோறும் அதைத் தின்கிறது.

எழுந்து கைதட்டியவர் கேட்டார்: “என்ஜின் பின்னால் மாற்றியது. அடித்தட்டிலும் ஒட்டு இருக்கிறது. என்ன நடந்தது ஹாஜியார்?”

வாசலில் நின்ற தரகர் இருமினார். அவர் முதல்நாளே சொல்லியிருந்தாராம்: “தேய்ந்துபோனதால் மாற்றினேன் என்று சொல்லிவிடுங்க ஹாஜியார். கடல் தண்ணீர் என்ற பேச்சையே எடுக்க வேண்டாம்.”

ஹாஜியார் அவரைப் பார்க்கவில்லை. “சுனாமித் தண்ணீர்” என்றார்.

2004 டிசம்பர் 26 அன்று அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அன்று இந்தக் கார் கடற்கரையோரக் கராஜ் ஒன்றில் வர்ணம் பூச விடப்பட்டிருந்தது. கராஜ்காரர் முதல்நாள் வலப்பக்கக் கதவை மட்டும் பூசி முடித்திருந்தார். அவரும் அவருடைய மூத்த மகனும் திரும்பவில்லை. கார் இரண்டு தெருக்களுக்கு அப்பால், மதில் ஒன்றில் சாய்ந்து, சேறு நிரம்பிக் கிடந்தது. பல வாரங்கள் கழித்து அதை இழுத்து வந்தார்கள். கிணறுகளும் உவர்ந்துவிட்டதால், கழுவுவதற்கு நல்ல தண்ணீரைச் சம்மாந்துறையிலிருந்து உழவு இயந்திரத்தில் பீப்பாய்களில் கொண்டுவந்தார்கள். என்ஜின் மட்டும் பிழைக்கவில்லை. பிந்திய மொறிஸ் ஒன்றின் என்ஜினைப் பூட்டினார்கள்.

“மற்ற இடமெல்லாம் பிறகு பூசினோம். அந்தக் கதவிலே கை வைக்க மனம் வரவில்லை” என்று முடித்தார் ஹாஜியார். பின் உள்ளே சென்று ஒரு பழைய கொப்பியைக் கொண்டுவந்தார். வாப்பா காலத்திலிருந்து செய்த ஒவ்வொரு திருத்தமும், திகதியும், கொடுத்த காசும் அதில் எழுதப்பட்டிருந்தன. சுனாமியும் ஒரு வரியாக இருந்தது.

வந்தவர் ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். பிறகு நம் பக்கம் திரும்பி ஒரு செய்தி சொன்னார். அமெரிக்காவில் 1960களில் பெரிய என்ஜின் பூட்டி வேகத்துக்கென்றே செய்த கார்களுக்கு இன்று கோடிக்கணக்கில் விலை. 1968இல் ‘புல்லிட்’ என்ற திரைப்படத்தில் ஓடிய மஸ்ராங் கார் ஒன்றை 1974இல் ஒரு குடும்பம் 6,000 டொலருக்கு வாங்கியது. அந்த வீட்டு அம்மையார் அதிலே பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்கப் போனார். படத்தில் நடித்த ஸ்ரீவ் மக்குவீனே திரும்பக் கேட்டு எழுதிய கடிதத்துக்கும் அவர்கள் இணங்கவில்லை. 2020 ஜனவரியில் அது ஏலத்தில் ஏறக்குறைய 37 இலட்சம் டொலருக்குப் போயிற்று. புதுக்கிப் பளபளப்பாக்கியல்ல, நெளிவும் துருவும் அப்படியே இருக்க, அந்தக் கடிதத்தோடு. “அந்தக் கார் எங்கே, இது எங்கே? ஆனால் விதி ஒன்றுதான். உண்மை தெரிந்த வண்டிக்கே விலை” என்றார்.

பின்னர் தொகையைச் சொன்னார். தரகர் எதிர்பார்த்ததைவிடக் குறைவு. தரகரின் முகமே காட்டிற்று. கொப்பியும் காரோடு வருமானால் என்று சற்றுக் கூட்டினார்.

ஹாஜியார் விற்க நினைத்த காரணத்தை நண்பர் நம் காதில் சொன்னார். பெண்ணுக்கு வீடு கொடுத்து மணமுடிப்பதும், மணமகன் பெண்வீட்டில் வந்து வாழ்வதும் இந்தக் கரையிலே தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் நெடுநாள் வழக்கம். பேத்தியின் வீட்டுக்குச் சுவர் எழும்பிவிட்டது, கூரை இல்லை.

பேத்தி கதவோரத்தில் நின்று, “மூத்தவாப்பா, எனக்குக் கூரை அவசரமில்லை” என்றாள்.

“உனக்கில்லை, மழைக்கு அவசரம்” என்றார் அவர். வந்தவரிடம் திரும்பினார்: “சம்மாந்துறையில் பெரும்போகம் நிற்கிறது. அறுவடைக்குப் பிறகு கணக்குத் தெரியும். கூரைக்குக் காணாவிட்டால் காரும் கொப்பியும் உங்களுக்கு. காணுமென்றால் நீங்கள் மனம் நோகக்கூடாது.”

வந்தவர் கைகொடுத்து விடைபெற்றார். பேரன் நம்மைக் காரைதீவுச் சந்திவரை அதே காரில் ஏற்றிச் சென்றான். புறப்படுமுன் ஹாஜியார் பேனா கேட்டார், நம்முடையதைக் கொடுத்தோம். கொப்பியின் கடைசிப் பக்கத்தில் அன்றைய திகதியையும் சொல்லப்பட்ட தொகையையும் எழுதினார். அதன் கீழே, “கடல் தண்ணீர் பட்டதைச் சொல்லிவிட்டேன்” என்று ஒரு வரி.

சந்தியில் இறங்கி நின்றபோது மழை விட்டிருந்தது. மேற்கே வயல்வெளி பச்சையாய்த் தெரிந்தது. அந்தப் பயிர் நன்றாக விளையவேண்டும் என்று வேண்டிக்கொண்டு பஸ்ஸில் ஏறினோம்.